"ரெண்டு மாசம்தான்" என்று சொல்லி அனுப்பும் வெளியூர் வேலை: தங்குமிடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் இயந்திரம் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் அட்மின் வேலை பார்க்கிறேன். விற்ற இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்கி, பொருத்தி, ஓட்டிக் காட்டி, வாங்கியவர் கையெழுத்துப் போடும்வரை எங்கள் ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டும். அது ஸ்ரீபெரும்புதூராக இருக்கலாம், ஒரகடமாக இருக்கலாம், ஓசூர், தூத்துக்குடி என்று எங்கேயும் இருக்கலாம். மூன்று நாள் வேலை என்றால் யாரும் என்னைத் தேடுவதில்லை, அவரவர் போனிலேயே ரூம் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் விஷயம் என் மேசைக்கு வருகிறது. புதிதாக அட்மினுக்கு வந்தவர்களும் பெட்டி கட்டும் இன்ஜினியர்களும் மாற்றி மாற்றிக் கேட்பவற்றை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

மேனேஜர் "ரெண்டு மாசம்தான்" என்கிறார். அதை வைத்து இடம் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். நான் பார்த்தவரை இரண்டு மாதம் என்று கிளம்பிய வேலை இரண்டு மாதத்தில் முடிந்ததே இல்லை. அஸ்திவாரம் காயவில்லை, அவர்கள் பக்கத்தில் கரண்ட் இழுத்துத் தரவில்லை, சோதனை ஓட்டத்துக்கு மூலப்பொருள் வரவில்லை, எல்லாம் வந்தபிறகு கையெழுத்துப் போட வேண்டியவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். நாலு மாதம் ஆகிவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: மூன்றாவது வாரமே "சைட் ரெடியாகவில்லை, எல்லாரும் திரும்பி வாங்க" என்று செய்தி வரும், நாம் மூன்று மாத வாடகையைக் கட்டிவிட்டு முழிப்போம்.

அதனால் "எத்தனை நாள்" என்று மேனேஜரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். வண்டி கிளம்பிவிட்டதா, சைட்டில் கரண்ட் வந்துவிட்டதா, முடித்ததும் கையெழுத்துப் போடப் போவது யார், இந்த மூன்றைத்தான் கேட்கிறேன். முதல் இரண்டில் ஒன்றுக்கு "அடுத்த வாரம்" என்று பதில் வந்தால் சொன்ன நாளை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தையே சுற்றிச் சுற்றி வரும்: தேதி நம் கையில் இல்லை, எனவே நீட்டவும் குறைக்கவும் இடம் தருகிற ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு, வாடகை கொஞ்சம் கூடுதலானாலும்.

ஹோட்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட், பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), வாடகை வீடு. எதை எப்போது எடுப்பது?

முதல் 10, 15 நாளுக்கு ஹோட்டல் அல்லது நல்ல லாட்ஜ். இது வீண் செலவு என்று கணக்குப் பிரிவில் சொல்வார்கள், விடாதீர்கள். போனவர் அந்த 15 நாளில் சைட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து போவது சுலபம், எந்த மெஸ் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பெரும்பாலும் அவரே நம்மைவிட நல்ல இடமாகப் பிடித்துத் தருவார்.

அப்புறம் ஒருவர் அல்லது இருவர், மூன்று மாதத்துக்குள் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் அல்லது கம்பெனி ஆட்களுக்கென்றே நடக்கும் கெஸ்ட் ஹவுஸ். சமையலறை இருக்கும், துணி துவைக்க மெஷின் இருக்கும், கேர்டேக்கர் ஒருவர் இருப்பார். தனியாகப் போகும் இளவட்டம், பட்ஜெட் குறைவு என்றால் பி.ஜி. நான்கு பேருக்கு மேல், ஆறு மாதத்துக்கு மேல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வீடு. வீடு என்றால் கட்டில், மெத்தை, பாத்திரம், கேஸ், பெருக்கித் துடைக்க ஆள் என்று இன்னொரு குடித்தனத்தையே நாம் நடத்த வேண்டும். தலைக்கு வாடகை குறைவாகத் தெரியும். என் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவ்வளவு குறைவில்லை.

மாத வாடகை பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

வாடகையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் "மாதம்" என்றால் 30 நாளா, காலண்டர் மாதமா என்று கேளுங்கள். 17ஆம் தேதி போய் இறங்குகிறவருக்கு இது முக்கியம். அடுத்தது கரண்ட். வாடகையில் அடக்கமா, தனியா, தனி என்றால் சப் மீட்டர் வைத்து யூனிட் கணக்கா, இல்லை ஏ.சி.க்கு என்று மாதம் ஒரு தொகையா? நம் ஊரில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது, ஆனால் சப் மீட்டர் வைத்திருக்கும் உரிமையாளர் மாதாமாதம் தன் கணக்குக்கு ஒரு விலை போட்டு வாங்குவார். போய் இறங்கிய அன்றே மீட்டரை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு படம் எத்தனை சண்டையைத் தவிர்த்திருக்கிறது என்று சொல்லி மாளாது.

அப்புறம் தண்ணீர். குளிக்கப் போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? குடிக்கக் கேன் என்றால் யார் செலவு? படுக்கை விரிப்பு வாரம் எத்தனை முறை மாற்றுவார்கள்? கரண்ட் போனால் ஜெனரேட்டரா, வெறும் இன்வெர்ட்டரா? இன்வெர்ட்டர் என்றால் ஏ.சி. ஓடாது, ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் வெந்துபோவார். இவற்றுக்கெல்லாம் பதில் வாங்கியபிறகு "சரி, 60 நாளுக்கு என்ன போடுவீங்க, 90 நாள் ஆனா என்ன போடுவீங்க" என்று இரண்டு விலை கேளுங்கள். 60 நாளுக்கான விலையில் ஆரம்பித்து, 90ஐத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே குறைந்த விலை என்று மெயிலில் எழுதி வாங்குவது என் வழக்கம். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்கிறவர் நீண்டகாலத் தொழில் தெரிந்தவர் என்று அர்த்தம்.

நீட்டிப்பு, முன்கூட்டியே காலி செய்வது: இதை எப்படி எழுதுவது?

மூன்றே வரி போதும், வக்கீல் தமிழ் வேண்டாம். ஒன்று, நாங்கள் 7 நாள் முன்னால் சொன்னால் அதே வாடகையில் நீட்டித் தர வேண்டும். இரண்டு, 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் மீதி நாளுக்கு வாடகை கிடையாது, அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வரும். மூன்று, ஆள் மாறலாம். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் அது புது புக்கிங் அல்ல. கடைசி வரியைப் பலர் மறந்துவிடுவார்கள். மெக்கானிக்கல் ஆள் முடித்துக் கிளம்பி, அதே கட்டிலுக்கு எலெக்ட்ரிக்கல் ஆள் வருவதுதானே நம் வேலையின் முறை.

நீட்டிப்புக்குப் பெரிய எதிரி முகூர்த்தம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வளர்பிறை முகூர்த்த நாளில் நல்ல ஹோட்டல்களில் மாடி மாடியாகக் கல்யாண வீட்டார் பிடித்துவிடுவார்கள். நம் ஆள் "இன்னும் அஞ்சு நாள்" என்று போய் ரிசப்ஷனில் நின்றால் "இல்லைங்க சார், வெள்ளி சனி ஃபுல்" என்பார்கள். இரண்டு நாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டுத் திரும்ப வந்தவர்கள் எங்களிடம் உண்டு. புக் செய்யும்போதே பக்கத்தில் காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. எப்படி வரும்? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

மூவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் இடத்துக்குத் தகுந்தபடி மாறும். ஹோட்டல் அறைக்கு, நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. நாள் வாடகை 7,500ஐத் தாண்டினால் 18. நம் ஆட்கள் யாரும் 7,500க்கு மேல் தங்கப் போவதில்லை, அதனால் 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தங்கலுக்கு இன்னொரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்க வைத்தால் அந்தத் தங்கும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2024 ஜூலை 15லிருந்து இருக்கிறது. பி.ஜி., ஹாஸ்டல், கெஸ்ட் ஹவுஸுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பாருங்கள், இங்கேயும் தேதிதான் வில்லன்: 80ஆவது நாள் ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் 90 என்ற நிபந்தனை உடைகிறது. அப்போது வரியை யார் தலையில் வைப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வீடாக எடுத்து, ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருந்து, கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. பதிவும் இருந்தால், 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரியை வீட்டுக்காரர் அல்ல, நாமே கட்ட வேண்டும். வீட்டுக்காரர் பில்லில் எதுவும் போட மாட்டார், அதனாலேயே இது நழுவிப்போகும்; ஆடிட் வரும்போது வட்டியோடு வரும். வீடு எடுத்த அன்றே கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று: தங்குமிடத்துக்கு வரி அந்தக் கட்டிடம் இருக்கும் மாநிலத்தில்தான் விழும். ஓசூரில் தங்கினால் தமிழ்நாட்டு வரி, நம் பதிவில் வரவாகக் காட்டி, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதே ஆள் "பக்கத்துலதானே" என்று எலெக்ட்ரானிக் சிட்டியில் அறை எடுத்தால் அது கர்நாடக வரி, அங்கே நமக்குப் பதிவு இல்லாவிட்டால் வரவு எடுக்க முடியாது.

வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில்? அட்வான்ஸ் எவ்வளவு?

கம்பெனி பெயரில். இன்ஜினியர் பெயரில் எழுதிவிட்டு அவர் வேலையை விட்டுப் போனால் அட்வான்ஸ் அவருக்குத்தான் திரும்பும், அதை அவரிடமிருந்து வாங்குவது தனிக் கதை.

தமிழ்நாட்டில் 2017இன் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட பழக்கம் இன்னும் சில வீட்டுக்காரர்களுக்குப் போகவில்லை. நான் மூன்றில் ஆரம்பித்து மூன்றிலேயே நிற்பேன். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ். (வாடகையிலேயே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பதையும் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மாதமே "ஏன் குறைச்சுப் போட்டிருக்கீங்க" என்று போன் வரும்.

ஒரு குறுக்கு வழி. ஆடியிலும் மார்கழியிலும் குடும்பங்கள் குடிபோக மாட்டார்கள், வீடுகள் சும்மா கிடக்கும். கம்பெனிக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. வாடகை பேச நல்ல மாதங்கள் அவை. "ஆவணி பொறந்து பால் காய்ச்சிக்கலாமே" என்று சில வீட்டுக்காரர் சொல்வார். ஆவணிக்குள் நம் ஆள் வேலையை முடித்திருப்பாரோ என்னவோ.

"பேச்சிலருக்கு வீடு கிடையாது", "சைவம் மட்டும்" என்கிறார்களே?

இருக்கத்தான் செய்கிறது. மல்லுக்கட்ட வேண்டாம். கம்பெனி ஒப்பந்தம், கம்பெனிக் கணக்கிலிருந்து வாடகை, பிரச்சினை என்றால் போன் எடுக்க நான் இருக்கிறேன் என்றால் பேச்சிலர் பயம் பாதி போய்விடும். சைவம் மட்டும் என்கிற வீட்டை எடுக்காதீர்கள், அவ்வளவுதான். நம் ஆள் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ சிக்கன் வாங்கி வந்து திருட்டுத்தனமாகச் சமைப்பார், வாசனை படியிறங்கிப் போகும், திங்கட்கிழமை எனக்கு போன் வரும்.

இரண்டு பேரை ஒரே அறையில் போடலாமா?

ஒரு வாரத்துக்குப் போடலாம். மூன்று மாதத்துக்குப் போடக் கூடாது என்பது என் கருத்து, என் மேலதிகாரி ஒத்துக்கொள்ளாத கருத்து.

ஒருமுறை ஒரகடத்தில் இரண்டு பேரை ஒரே அறையில் போட்டோம். ஒருவர் காலை ஷிப்ட், ஐந்து மணிக்கு அலாரம். இன்னொருவர் இரவு ஷிப்ட், ஐந்தரைக்கு வந்து படுப்பார். ஏ.சி. ரிமோட்டை ஒருவர் 18இல் வைப்பார், மற்றவர் 26இல் வைப்பார். மூன்றாவது வாரம் ரிமோட்டையே காணோம்; ஒருவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டு பேரும் ஐந்து வருடம் ஒன்றாக டீ குடித்தவர்கள், இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த அறையில் நாங்கள் மிச்சம் பிடித்த பணம் ஒரு சென்சாரின் விலைகூட இருக்காது.

இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் ஆளுக்கொரு அறை, ஹால் பொது, சமையலறை பொது. இதுதான் நடுவழி. பெரும்பாலும் இரண்டு தனி அறையைவிடக் குறைவாகவும் வரும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அறையைவிட இதுதான் பெரிய விஷயம். முதல் வாரம் ஹோட்டல் சாப்பாடு குஷியாக இருக்கும், பரோட்டா, கொத்து, நைட்டு பிரைட் ரைஸ். மூன்றாவது வாரம் "அக்கா, ரசஞ்சோறு கெடச்சாப் போதுங்கக்கா" என்று குரல் மாறும். தினப்படி கொடுத்துவிட்டோம், உன்பாடு என்று சொல்லலாம்தான், ஆனால் வயிறு கெட்டுப் படுத்தால் சைட் நிற்கிறது.

சைட்டில் கேன்டீன் இருந்தால் வெளி ஆட்களுக்கும் டோக்கன் தருவார்களா என்று ஆர்டர் பேசும்போதே கேட்கச் சொல்லுங்கள். அறையில் சமைக்க விருப்பமுள்ளவருக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும், அந்த ஊர் முகவரிச் சான்று தேவையில்லை. சிலிண்டர் வேண்டாம் என்றால் ஓர் இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு தட்டு. இதை ஒரு பெட்டியாகவே கட்டிவைத்திருக்கிறேன், ஆள் போகும்போது பெட்டியும் போகும். மாவும் தயிரும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும், காலை இட்லி தன்னால் நடந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எங்கே பார்ப்பது?

சைட்டுக்குப் பக்கத்தில்தான். சென்னையில் தங்கிக்கொள்கிறேன் என்று இளைஞர்கள் கேட்பார்கள், நகரம் இழுக்கும். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது, பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் எல்லாம். காலையும் மாலையும் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரகடம் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது, ரயிலை நம்பி இருப்பவர் சிங்கபெருமாள் கோவில் என்ற ஊரில் தங்கி அங்கிருந்து போகலாம்.

இடத்துக்குக் கிராக்கி அதிகம். வல்லம் வடகாலில் மட்டும் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள் என்றால் அந்தப் பகுதிக்கு எவ்வளவு பேர் வந்து சேர்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொரிய, ஜப்பானிய ஆட்களுக்கென்றே நடக்கும் விடுதிகள் நன்றாக இருக்கும், விலையும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவருக்குத் தரைத்தள அறை எடுக்காதீர்கள். மழை எப்படி வரும் என்று சென்னைப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூர்? தூத்துக்குடி?

ஓசூரில் குளிர். ஏ.சி. இல்லாத அறை தாராளமாகப் போதும், அந்தப் பணத்துக்கு வெந்நீர் வரும் அறையாகப் பாருங்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அந்தப்பக்கம் தங்கி தினம் வந்து போகும் யோசனைக்கு வரியும் தடை, காலை நெரிசலும் தடை.

தூத்துக்குடியில் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். சிப்காட் பக்கம் புதிய தொழிற்சாலைகள் வருவதால், சில்லாநத்தத்தில் கார் தொழிற்சாலை திறந்த 2025 ஆகஸ்டுக்குப் பிறகு குறிப்பாக, நல்ல இடங்களை முன்பே பேசிவைக்க வேண்டியிருக்கிறது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். இந்த நாட்களைத் தொட்டு ஆள் போவதாக இருந்தால் அறை கையில் இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பெண் ஊழியர்களுக்குத் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அவரிடமே கேட்க வேண்டும். "லேடீஸ்னா ஹாஸ்டல்" என்று நாமாக முடிவு செய்து, ராத்திரி ஒன்பதுக்குக் கதவு பூட்டும் இடத்தில் கொண்டுபோய் விட்டால், பத்து மணிக்கு சைட்டிலிருந்து வருகிறவர் என்ன செய்வார்? நுழைவு நேரம், இரவு ஆள் இருக்கிறாரா, வண்டி வாசல்வரை வருமா, உள்ளே இருந்து தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதைப் பாருங்கள். மகளிர் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி போன்ற இடங்களில் இருக்கின்றன. குறுகிய காலத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள், சுத்தமாக இருக்கும், ஆனால் இடம் காலியாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து இரண்டு மாதம் இருக்கப் போகிறார்.

அவரை ஹோட்டலிலேயே வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைக் குடியேற்ற அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், சி ஃபார்ம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பெரிய ஹோட்டல்களில் இது தினசரி வேலை. வாடகை வீட்டில் வைத்தால் இந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கு, அதாவது கடைசியில் உங்களுக்கு.

நேரில் பார்க்காமல் புக் செய்யலாமா?

ஒருமுறை செய்தேன். படத்தில் வெள்ளை விரிப்பு, ஜன்னலோரம் பூந்தொட்டி. நம் பையன் ராத்திரி பதினொன்றரைக்குப் போய் இறங்கியிருக்கிறான். கேர்டேக்கர் தூங்கி எழுந்து வந்து கதவைத் திறந்தால், கட்டிலுக்கு மேலே கொடி கட்டி யாருடைய பனியனோ காய்கிறது. குழாயைத் திறந்து வாளியைப் படம் எடுத்து அனுப்பினான். "தண்ணி மஞ்சளா வருதுங்கக்கா." அடியில் துரு படிந்து கிடந்தது. அந்த நேரத்தில் நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இப்போதெல்லாம் வீடியோ காலில் காட்டச் சொல்கிறேன், அதுவும் நான் சொல்லும் வரிசையில். பாத்ரூம் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வெளியே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும், பார் இருந்தால் வேண்டாம், கல்யாண மண்டபம் இருந்தால் நிச்சயமாக வேண்டாம். அறைக்குள்ளிருந்தே அந்த வீடியோ கால் அறுந்துபோகாமல் வருகிறதா என்பதில் சிக்னலும் தெரிந்துவிடும்.

வார இறுதியில் ஊருக்குப் போனால் அந்த நாளுக்கு வாடகை?

மாத வாடகையில் கழிக்க மாட்டார்கள். நாள் கணக்கு ஹோட்டல் என்றால் காலி செய்துவிட்டுப் போகலாம், பெட்டியை மட்டும் கிளாக் ரூமில் வைத்துக்கொள்வார்கள். மாதம் இருமுறை ஊருக்கு வந்து போகும் செலவைக் கம்பெனி தர வேண்டும் என்பது நான் வருடாவருடம் எழுதிக் கேட்டு வருவது. தராத மாதங்களில்தான் "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" லீவுகள் கூடுகின்றன.

நானே பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

ஒரு வாரம் என்றால் சரி. மாதக்கணக்கில் வேண்டாம். இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்குகிறவர் பதினெட்டாயிரம் வாடகையைக் கட்டிவிட்டு, பில் பாஸாகும்வரை மாமனாரிடம் கைமாற்று வாங்கிக்கொண்டிருப்பது கம்பெனிக்கு அழகல்ல. கம்பெனிக் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். பில் கம்பெனி பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும், போய் இறங்கும்போதே அந்த எண்ணை ரிசப்ஷனில் கொடுத்துவிடுங்கள், கிளம்புகிற அன்று கேட்டால் "சிஸ்டம்ல மாத்த முடியாதுங்க" என்பார்கள்.

குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

ஆறு மாதம் என்றால் நான் தடுக்க மாட்டேன். வீட்டுக்காரரிடமும் கெஸ்ட் ஹவுஸிலும் முன்பே சொல்லிவிட வேண்டும், கூடுதல் செலவு உங்களுடையது. பள்ளிக் குழந்தை இருந்தால் மே மாதம்தான் வசதி.

ஆர்டரில் "டிரான்ஸ்பர்" என்று போட்டிருக்கிறது. ஏதாவது வித்தியாசமா?

நிறைய. தற்காலிகப் பணிக்குப் போய்த் தங்குவது வேலைக்கான செலவு. மாற்றல் என்று எழுதிவிட்டால் கம்பெனி தரும் தங்குமிடம் உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படும் சலுகையாகப் பார்க்கப்படலாம், வரி உங்கள் சம்பளத்தில் பிடிபடும். கடிதத்தில் நிரந்தரப் பணியிடம் கோயம்புத்தூர், தற்காலிகப் பணி இன்ன ஊர், இந்தத் தேதியிலிருந்து ஏறத்தாழ இந்தத் தேதிவரை என்று இருக்க வேண்டும். நீட்டிப்புக்கும் தனிக் கடிதம் வாங்குங்கள். எச்.ஆர். சோம்பல்பட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

காலி செய்யும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

காலையில் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் செய்யாதீர்கள், முந்தின நாள் மாலையே கேர்டேக்கரை நிறுத்திவைத்து அறையைச் சுற்றிக் காட்டுங்கள். மீட்டரைத் திரும்பப் படம் எடுங்கள். சுவரில் ஆணி அடித்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏ.சி. ரிமோட், கேட் சாவி, கேன் டெபாசிட்டுக்கு எடுத்த காலிக் கேன்கள், எல்லாவற்றையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி எனக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். அந்த வரி கைக்கு வந்தபிறகுதான் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நான் போன் போடுவேன். அப்புறம் குக்கர் பெட்டி. போன தடவை அது வந்து சேர்ந்தது, வெயிட் மட்டும் தூத்துக்குடியிலேயே இருக்கிறது.